மூலம்னு சொல்லி விட்டுடாதீங்க: பெருங்குடலைப் பார்க்கக் கற்றுக்கொண்ட 200 வருஷக் கதை

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்றைக்கு எடுத்திருக்கிற விஷயம் கொஞ்சம் கூச்சமானது. சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வாங்க, ஒன்றும் அவசரமில்லை.

சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு விளம்பரம் கண்ணில் படும். மேம்பாலத் தூண், ரயில் பெட்டி, பொதுக் கழிப்பறைச் சுவர், எங்கேயும் இருக்கும். ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்.’ இந்த ஊரில் மலத்தோடு ரத்தம் வந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் மூலம்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாமல் போகிற அந்தச் சில பேரைப் பற்றியது இன்றைய எபிசோட். உடம்புக்குள் விளக்கை அனுப்பிப் பார்க்க மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள், அந்த வித்தை நம்ம ஊரில் எங்கே வந்து நிற்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

அடையாறில் ஒரு மருத்துவமனை

அடையாறு காந்தி நகரில், கால்வாய்க் கரையோரம் இருக்கும் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கி, 1927-ல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்குள் போன முதல் பெண். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்.

பாடத்தில் அவ்வளவாக வராத ஒரு விஷயம் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயில் இறந்துபோனார். வந்தது மலக்குடலில். ஆரம்பத்தில் அதைச் சீதபேதி என்று நினைத்தே வைத்தியம் நடந்தது என்று சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், வீட்டிலேயே ஒரு டாக்டர். அதுவும் அந்தக் காலத்து மெட்ராஸின் மிகச் சிறந்த டாக்டர்களைத் தெரிந்த டாக்டர். அப்படியும் நோய் தன் பெயரைச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது.

அந்தச் சாவு அவரை விடவில்லை. மேற்படிப்புக்கு லண்டன் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இருப்பதைப் பார்த்தார். 1935-ல் மெடிக்கல் காலேஜ் நூற்றாண்டு விழாவில், இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். நடக்க இன்னும் 20 வருஷம் ஆனது. புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்கிற தொனியில் அரசுத் தரப்பிலிருந்தே பதில் வந்ததை, பின்னாளில் டாக்டர் வி. சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அங்கே இருந்தார். அடுத்த வருஷம் சாந்தா வந்து சேர்ந்தார்.

ஆக, தென்னிந்தியாவின் அந்தப் பெரிய புற்றுநோய் மருத்துவமனைக்கு விதை போட்டது, நேரத்தோடு கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு குடல் நோய். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகுவர்த்தியும் கத்தி விழுங்குபவரும்

அந்தக் காலத்தில் உள்ளே பார்க்க வழியே இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது.

1806-ல் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த ஃபிலிப் போட்ஸினி என்ற டாக்டர் ஒரு கருவி செய்தார். ஒரு கூண்டு, உள்ளே மெழுகுவர்த்தி, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு குழாய். உடம்பின் துவாரங்களுக்குள் வெளிச்சம் அனுப்பிப் பார்ப்பதுதான் யோசனை. வியன்னா மருத்துவப் பெரியவர்கள் இதை வேடிக்கைப் பொருள் மாதிரி ஒதுக்கித் தள்ளினார்கள். போட்ஸினி 1809-ல் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 35.

அடுத்து 1868. ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மவுல் இரைப்பைக்குள் பார்க்க ஆசைப்பட்டார். நேரான உலோகக் குழாயை யார் விழுங்குவார்? தெருவில் கத்தி விழுங்கி வித்தை காட்டும் ஒருவரைப் பிடித்தார். குழாய் உள்ளே போய்விட்டது. ஆனால் விளக்கு போதாததால் உருப்படியாக எதுவும் தெரியவில்லை.

கீழ்ப்பக்கத்தில் விஷயம் கொஞ்சம் சுலபம். 1895-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி, நெற்றிக் கண்ணாடியால் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி, நேரான குழாய் வழியே மலக்குடலைப் பார்க்கும் முறையை விவரித்தார். மலக்குடல் என்பது குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுதான். அதில் பாதி தூரம் டாக்டரின் விரலுக்கே எட்டும். அதாவது 1920-களில், மலக்குடலில் ஒரு கட்டி இருந்தால் அதை விரலாலோ குழாயாலோ தொட்டுவிட வாய்ப்பு இருந்தது. ஆனால் அதற்கு, பார்க்கணும் என்று யாராவது நினைக்கணும், நோயாளியும் சம்மதிக்கணும். ஒரு இளம்பெண்ணுக்கு அன்றைய மெட்ராஸில் அது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலக்குடலுக்கு மேலே இருக்கும் பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். வளைந்து, ஏறி, திரும்பி, இறங்கி ஓடும். நேரான குழாய் அங்கே போகாது. பேரியம் மாவை உள்ளே ஏற்றி எக்ஸ்ரே எடுத்தால் நிழல் தெரியும். நிழலில் ஒரு குறை தெரிந்தால் வயிற்றைத் திறக்கணும். 1960-கள் வரை நிலைமை கிட்டத்தட்ட இதுதான்.

வளைந்து போகும் வெளிச்சம்

இந்தக் கதையில் அடுத்து வருபவர் ஒரு பஞ்சாபி. நரிந்தர் சிங் கபானி, 1926-ல் மோகாவில் பிறந்தவர். பள்ளியில் வாத்தியார் ‘வெளிச்சம் நேர்கோட்டில்தான் போகும்’ என்று சொல்ல, ஏன் வளையக் கூடாது என்ற கேள்வி அப்போதே உட்கார்ந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். லண்டன் இம்பீரியல் காலேஜில் ஹரோல்ட் ஹாப்கின்ஸிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். முடி போல மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, ஒரு முனையில் இருக்கும் படத்தை, கட்டை வளைத்தாலும், மறுமுனையில் பார்க்க முடியும் என்று இருவரும் காட்டினார்கள். 1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது.

அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த குடல் டாக்டர். அவருக்கு வந்த சிக்கல், இழைகள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் வெளிச்சம் கசிந்து படம் கலங்கியது. தீர்த்தது லாரன்ஸ் கர்டிஸ் என்ற பட்டப்படிப்பு மாணவர். ஒவ்வொரு இழைக்கும் மேலே வேறு வகைக் கண்ணாடியால் உறை போட்டார். கசிவு நின்றது. இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபரிலும் இதே உறை தத்துவம்தான். 1957-ல் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் கருவியை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுக்கொண்டார். அப்புறம்தான் நோயாளிக்கு.

ஒரு உபரித் தகவல். 2009 இயற்பியல் நோபல் பரிசில் பாதி, கண்ணாடி இழையில் தகவல் அனுப்பும் ஆராய்ச்சிக்காக சார்லஸ் காவோவுக்குப் போனது. மறுபாதி, டிஜிட்டல் கேமராவின் சிசிடி சில்லைக் கண்டுபிடித்த பாயில், ஸ்மித் இருவருக்கும். 1980-களில் இழைக்கட்டுக்குப் பதிலாக அந்தச் சில்லு கொலனோஸ்கோப்பின் நுனியில் போய் உட்கார்ந்து, படம் டிவி திரைக்கு வந்தது. குடலுக்குள் பார்த்த இரண்டு தலைமுறைக் கண்களும் ஒரே வருஷத்தில் பரிசு வாங்கின. கபானி பெயர் மட்டும் அதில் இல்லை. 2020 டிசம்பரில் அவர் இறந்த பிறகு பத்ம விபூஷண் வந்தது.

பார்த்த கையோடு வெட்டுவது

இப்போது 1969, நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை. ஜப்பானிலிருந்து வந்திருந்த இளம் அறுவை மருத்துவர் ஹிரோமி ஷின்யாவும் அவருடைய மூத்தவர் வில்லியம் உல்ஃபும் நீளமான கொலனோஸ்கோப்பைப் பெருங்குடல் முழுக்க ஓட்டிப் பழகினார்கள். ஷின்யாவுக்கு ஒரு யோசனை. உள்ளே பாலிப் தெரிகிறது. பாலிப் என்றால் குடலின் உள்சுவரில் காளான் மாதிரி முளைக்கும் சதை. கருவிக்குள்ளேயே ஒரு கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பின் காம்பில் மாட்டி, மின்சாரத்தால் சுட்டு அறுத்துவிட்டால் என்ன? அந்த செப்டம்பரில் செய்து காட்டினார். வயிற்றில் கத்தி படவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே ராத்திரியில் வருவதில்லை. சாதுவான பாலிப்பாகத் தொடங்கி, பல வருஷம் எடுத்துக்கொண்டு குணம் மாறும். அந்த இடைவெளியில் எடுத்துவிட்டால் புற்றுநோய் வர வேண்டிய இடமே போய்விடுகிறது. 1993-ல் வெளியான அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வில், பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்கு, எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் குறைவாகவே புற்றுநோய் வந்தது. நோயைக் கண்டுபிடிக்கிற கருவி, வராமல் தடுக்கிற கருவியாகவும் ஆனது.

நானும் போன வருஷம் மயிலாப்பூரில் இதைச் செய்துகொண்டேன். வயது ஒரு காரணம், இந்த எபிசோடுக்குப் படிக்கத் தொடங்கியது இன்னொரு காரணம். உண்மையைச் சொல்லணும்னா பரிசோதனை ஒன்றுமே இல்லை, மயக்கத்தில் தூங்கி எழுந்தேன். முந்தின நாள்தான் படுத்தி எடுத்தது. காய்கறி கூடாது, விதை உள்ள பழம் கூடாது. வடிகட்டின கஞ்சி, மோர். அப்புறம் லிட்டர் கணக்கில் உப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு மருந்துத் தண்ணீர். அந்தத் தண்ணீரை முழுசாகக் குடிக்காதவர்களுக்குக் குடல் சுத்தமாகாது, மிச்சம் இருக்கும் அழுக்குக்கு அடியில் பாலிப் ஒளிந்துகொள்ளும். மருந்துத் தண்ணீரைக் குடிப்பதும் பரிசோதனையில் ஒரு பகுதி.

நம்ம ஊர்க் கேள்வி: டிபியா, கிரோன்ஸா?

நியூயார்க்கில் இந்தக் கருவி பாலிப்பைத் தேடியது. இங்கே வந்தபோது அதற்கு வேறு வேலையும் காத்திருந்தது.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் குடல், இரைப்பை அறுவை சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்தவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம். 2002-ல் பத்ம பூஷண் பெற்றவர். அவர் தலைமுறை டாக்டர்களிடம் வந்த பெருங்குடல் நோயாளிகளில் அமீபா, சீதபேதி, குடல் காசநோய் எல்லாம் நிறைய. டிபி என்றால் நுரையீரல் என்றுதான் நினைக்கிறோம். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடம் அதற்குப் பிடித்தமான ஒரு இருப்பிடம்.

சிக்கல் என்னவென்றால், அதே இடத்தில், அதே மாதிரிப் புண்ணோடு வரும் இன்னொரு நோய் உண்டு. கிரோன்ஸ். 1932-ல் நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் சகாக்களும் விவரித்தது. அது கிருமித் தொற்று இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குவது. இரண்டிலும் வயிற்றுவலி, எடை குறைவு, காய்ச்சல், குடல் அடைப்பு. ஆனால் வைத்தியம் நேர் எதிர். கிரோன்ஸுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கணும். டிபி இருப்பவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் கிருமி உடம்பு முழுக்கப் பரவலாம். மாற்றிச் செய்தால், கிரோன்ஸ் நோயாளி மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே குடல் சுருங்கிப் போவார்.

கொலனோஸ்கோப் இங்கேதான் கை கொடுக்கிறது. டிபி புண் பெரும்பாலும் குடலைச் சுற்றி வளையமாக இருக்கும். கிரோன்ஸ் புண் குடலின் நீளவாக்கில் ஓடும், நடுநடுவே நல்ல இடம் விட்டுவிடும். சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம், கிருமியின் மரபணுவைத் தேடலாம். அப்படியும் தெரியாவிட்டால் டிபி மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப உள்ளே பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் டிபி. இந்த இரண்டாவது பார்வைதான் பல பேருக்குத் தீர்ப்பு. எவ்வளவு காலம் மருந்து கொடுப்பது என்பதற்குக்கூட நம்ம ஊரில் பதில் தேடியிருக்கிறார்கள். சேத்துப்பட்டு டிபி ஆராய்ச்சி மையம் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், வயிற்று டிபிக்கு 6 மாத சிகிச்சையே ஒரு வருஷ சிகிச்சைக்கு நிகராக வேலை செய்தது.

ஆறு நிமிஷமும் ஏஐயும்

கருவி நல்லதாக இருந்தால் போதுமா? போதாது என்று 2006-ல் ஒரு ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் 12 டாக்டர்களைக் கவனித்தார்கள். கொலனோஸ்கோப்பைக் கடைசி வரை கொண்டுபோய், மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டு வரும்போதுதான் நன்றாகப் பார்ப்பது. அதற்குச் சராசரியாக 6 நிமிஷமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள், 28.3 சதவீதம் பேரிடம் பாலிப் போன்ற வளர்ச்சியைக் கண்டார்கள். அவசரக்காரர்கள் கண்டது 11.8 சதவீதம். கருவி கிட்டத்தட்ட ஒன்றுதான், கை வேறு. அதிலிருந்து ஒரு டாக்டர் நூறு பேரில் எத்தனை பேரிடம் அடினோமா வகைப் பாலிப் கண்டுபிடிக்கிறார் என்பதே அவருடைய மார்க் ஆனது. அந்த மார்க் ஒரு சதவீதம் ஏறினால், அவரிடம் வந்தவர்களுக்குப் பிறகு புற்றுநோய் வரும் அபாயம் 3 சதவீதம் குறைகிறது என்று 2014-ல் இன்னொரு பெரிய ஆய்வு சொன்னது.

இப்போது ஏஐ. திரையில் சந்தேகமான இடத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். 2020-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், அடினோமா கண்டுபிடித்த விகிதம் 40.4-லிருந்து 54.8 சதவீதமாக ஏறியது. 2021-ல் அமெரிக்க அரசு அனுமதி வந்தது. ஆனால் 2025-ல் போலந்திலிருந்து வந்த ஆய்வு கொஞ்சம் உறைக்கிறது. ஏஐயோடு பழகிய டாக்டர்கள் அது இல்லாமல் பார்த்தபோது, அவர்களுடைய விகிதம் 28.4-லிருந்து 22.4 ஆகக் குறைந்திருந்தது. கூகுள் மேப் வந்த பிறகு தி. நகர் சந்து பொந்து நமக்கு மறந்துபோகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆய்வுதான், முடிவு கட்ட வேண்டாம். கவனிக்க வேண்டிய விஷயம்.

யார் அழைப்பது?

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லோரும் நாளைக்கே போய்ச் செய்துகொள்ளணுமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

2022-ல் போலந்து, நார்வே, சுவீடன் மக்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 55 முதல் 64 வயதுக்காரர்களில் ஒரு பகுதியினருக்குக் கொலனோஸ்கோபிக்கு அழைப்பு அனுப்பினார்கள், மற்றவர்களுக்கு அனுப்பவில்லை. 10 வருஷத்தில் அழைப்பு வந்த தரப்பில் 0.98 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய், வராத தரப்பில் 1.20 சதவீதம். எதிர்பார்த்ததைவிட வித்தியாசம் சின்னது. ஒரு காரணம், அழைத்தவர்களில் 42 சதவீதம் பேர்தான் வந்தார்கள்.

நம்ம நாட்டில் அந்த அழைப்பே கிடையாது. 2016-ல் மத்திய அரசு வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய், இந்த மூன்றும் உண்டு. குடல் இல்லை. அதற்கு நியாயமும் இருக்கிறது. இந்தியாவில் இந்தப் புற்றுநோய் மேற்கு நாடுகளைவிடக் குறைவு, கொலனோஸ்கோபி செய்யத் தெரிந்தவர்களும் குறைவு. ஆனால் கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1982-லிருந்து நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால் குடல் புற்றுநோய் ஏறுமுகமாகத்தான் இருக்கிறது.

அழைப்பு வராத ஊரில், உடம்பு அனுப்பும் செய்திதான் அழைப்பு. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம், காரணமில்லாமல் இளைப்பது, ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை. இதில் ஏதாவது இருந்தால் டாக்டர் உள்ளே பார்க்காமல் ‘மூலம்’ என்று யாரும் பெயர் வைக்கக் கூடாது. மூலம் இருப்பவருக்குக் கட்டி இருக்காது என்று எந்தச் சட்டமும் இல்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருஷம் முன்னால், எது முதலோ அப்போது டாக்டரிடம் பேசுங்கள்.

கொலனோஸ்கோபி என்றதும் பயந்தால், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் எளிய பரிசோதனை இருக்கிறது. பழைய முறையில் பச்சை முள்ளங்கி சாப்பிட்டால்கூடத் தப்பாகக் காட்டும். இப்போதைய ‘ஃபிட்’ பரிசோதனை மனித ரத்தத்தை மட்டும் பிடிக்கும், பத்தியம் தேவையில்லை. ஆனால் கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர்கள் இதில் நின்றுவிடக் கூடாது, அதில் ரத்தம் இருப்பதாக வந்தாலும் கொலனோஸ்கோபி செய்தாகணும்.

மிச்சம் இருப்பது கூச்சம். அமெரிக்காவில் கேட்டி கூரிக் என்ற டிவி தொகுப்பாளரின் கணவர் 42 வயதில் இந்தப் புற்றுநோயில் இறந்தார். 2000-ல் அவர் தன் கொலனோஸ்கோபியையே டிவியில் காட்டினார். அதற்குப் பிறகு அங்கே இந்தப் பரிசோதனை 20 சதவீதத்துக்கு மேல் கூடியதாக ஆய்வு சொல்கிறது. நம்ம வீடுகளில் டிவி வேண்டாம். அப்பா நாலு மாசமாகக் கடையில் மூலத்துக்குக் களிம்பு வாங்கிக்கொண்டிருந்தால், ‘ரத்தம் வருதாப்பா?’ என்று ஒரு தடவை கேட்டால் போதும். அம்மாவிடமும் கேளுங்கள், அவங்க தானாகச் சொல்லவே மாட்டாங்க.

சேத்துப்பட்டு டிபி ஆராய்ச்சி பற்றி இன்று தொட்டுவிட்டுப் போய்விட்டேன். சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே டிபியைக் குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்னது அந்த மையம்தான். அடுத்த எபிசோடில் அதை விரிவாகப் பார்க்கலாம்.